அபார்ட்மென்ட் சங்கத்தில் பொறுப்பு எடுத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சென்னையின் தென்பகுதியில் 42 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் இருக்கிறேன். அதன் உரிமையாளர் சங்கத்தில் முதலில் இணைச் செயலாளர், அப்புறம் செயலாளர் என்று ஒன்பது வருடம் கமிட்டியில் இருந்தேன். இப்போது பக்கத்துக் குடியிருப்புகளில் புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள், பெரும்பாலும் மனம் நொந்த நிலையில், என்னிடம் பேசுகிறார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

"நாலு பேர் சேர்ந்து மெயின்டனன்ஸ் வசூல் பண்றதுதானே சங்கம்? இதுக்கு எதுக்கு சார் பதிவெல்லாம்?"

பதிவு இல்லாவிட்டால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பதே பெரும்பாடு. யாராவது ஒருவருடைய சொந்தக் கணக்கில்தான் எல்லார் பணமும் போய் விழும், சந்தேகம் அங்கேயே முளைக்கும். லிஃப்ட் கம்பெனியோடு ஒப்பந்தம் போட, பாக்கி வைத்தவர் மேல் வழக்குப் போட, பில்டரிடம் உரிமை கேட்க, எல்லாவற்றுக்கும் சட்டப்படி ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சங்கம்.

பழைய சங்கங்கள் பலவும் 1975ஆம் வருடத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. இப்போது அடுக்குமாடிகளுக்கென்றே 2022ஆம் வருடத்துத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது. 2024 மார்ச் 6 முதல் நடைமுறைக்கு வந்து, 1994ஆம் வருடத்துச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. உங்கள் சங்கம் எதன் கீழ் பதிவாகியிருக்கிறது என்று முதல் வாரத்திலேயே ஃபைலைத் திறந்து பாருங்கள். பைலாவின், அதாவது சங்கத்தின் விதிமுறைகளின், நகலை ஒவ்வொரு கமிட்டி உறுப்பினரிடமும் கொடுத்துவிடுங்கள். பைலாவைப் படிக்காமலே மூன்று வருடம் செயலாளராக இருந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"கமிட்டியில சேர்ந்தா எவ்வளவு நேரம் போகும்? ஏதாவது சம்பளம் உண்டா?"

சம்பளம் கிடையாது. மாதத்துக்கு ஒரு கூட்டம், ஒரு கணக்குச் சரிபார்ப்பு என்று தொடங்கும். மோட்டார் எரிந்துபோனால், லிஃப்ட் நின்றால், வாட்ச்மேன் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால், அந்த நாள் முழுக்கப் போகும். வேலை எனக்குக் களைப்பைத்தான் தந்தது. மனசை உடைத்தது வேறு, அதைக் கீழே திருட்டுப் பட்டம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

"எங்க பாத்ரூம் குழாய் ஒழுகுது, செகரட்டரிகிட்ட சொல்லி ஒரு வாரம் ஆச்சு, ஏன் யாருமே வந்து பார்க்கல?"

இது கமிட்டியிடம் வரும் முதல் புகார், கடைசிப் புகாரும் இதுவாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டுச் சுவருக்குள் இருப்பது உங்களுடையது. மொட்டைமாடி, படிக்கட்டு, லிஃப்ட், சம்ப் என்கிற தரைக்கடித் தொட்டி, மேல்தொட்டி, எல்லா வீட்டுக்கும் சேர்ந்து இறங்கும் குழாய், காம்பவுண்ட் சுவர், இவை பொது. மேல்வீட்டு பாத்ரூமிலிருந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கசிந்தால் மேல்வீட்டுக்காரர் செலவு. மொட்டைமாடியிலிருந்து கசிந்தால் சங்கத்தின் செலவு.

பிரச்சினை என்னவென்றால் கசிவு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டையே வரும். இரண்டு வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு பிளம்பரைக் கூப்பிட்டு, மேல்வீட்டுக் குழாய்களை ஒரு நாள் மூடிவைத்துப் பாருங்கள். அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கசிவைக் கண்டுபிடித்துத் தருவது வரைதான் கமிட்டி வேலை. கொத்தனாரைத் தேடிக் கொடுத்து, சிமென்ட் வாங்கிக் கொடுத்து, கூலியும் பேசிக் கொடுத்தால் அடுத்த பத்து வீடும் அதையே எதிர்பார்க்கும். நான் முதல் வருடம் அதைத்தான் செய்தேன், அதற்கப்புறம் நிறுத்துவதற்குள் இரண்டு நல்ல அண்டைவீட்டுக்காரர்களோடு பேச்சே நின்றுபோனது.

"நாங்க தரைத்தளம். லிஃப்ட்ல கால் வச்சதே இல்ல. அதுக்கு நாங்க ஏன் காசு தரணும்?"

லிஃப்ட் பொதுச்சொத்து, உங்கள் பத்திரத்தில் உள்ள பிரிபடாப் பங்கில், அதாவது நிலத்திலும் பொது இடங்களிலும் உங்களுக்குள்ள பிரிக்கமுடியாத பங்கில், அதற்கும் இடம் உண்டு. தரவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் சில குடியிருப்புகளில் மாதாந்தர லிஃப்ட் செலவிலிருந்து தரைத்தளத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டு, லிஃப்டையே மாற்றும் பெரிய செலவில் மட்டும் எல்லாரையும் சேர்க்கிறார்கள், அதுவும் நியாயமாகவே படுகிறது. எதுவானாலும் ஜெனரல் பாடியில், அதாவது உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் கூட்டத்தில், தீர்மானம் போட்டு மினிட்ஸ் என்கிற கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். படிக்கட்டில் நின்று வாய்வார்த்தையாகச் சலுகை கொடுக்காதீர்கள்.

"பொது மீட்டர் கரண்ட் பில் இவ்வளவு வருதே, கமிட்டி என்னதான் பண்ணுது?"

2022 செப்டம்பர் கட்டண உயர்வில் பொது விளக்கு, மோட்டார், லிஃப்டுக்கென்று தனிக் கட்டணப் பிரிவு வந்தது, யூனிட்டுக்கு 8 ரூபாய். வீட்டு மீட்டரைப்போல 100 யூனிட் இலவசமெல்லாம் இதில் கிடையாது. 2023 அக்டோபரில் சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள்: பத்து வீட்டுக்கு மேல் போகாமல், மூன்று மாடிக்கு மேல் போகாமல், லிஃப்டும் இல்லாமல் இருக்கவேண்டும். அதற்கப்புறம் கட்டணங்கள் கொஞ்சம் ஏறியிருக்கின்றன, ஆனால் சின்னக் குடியிருப்பு என்றால் உங்கள் இணைப்பு அந்தக் குறைந்த பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். இதைக் கூட்டத்தில் ஒருமுறை விளக்கிச் சொன்னால் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

"லாரித் தண்ணிக்கு மட்டும் மாசம் இவ்வளவா? இதுல யாருக்கு கமிஷன் போகுது?"

முதலில் கணக்கைப் பாருங்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்குத் திட்டமிடும்போது வைத்துக்கொள்ளும் அளவு. வீட்டுக்கு நாலு பேர் என்றால் எங்கள் 42 வீட்டுக்கு நாளொன்றுக்கு 22,680 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஏறக்குறைய இரண்டு. போர்வெல் வற்றி, மெட்ரோ வாட்டரும் வராத மாதத்தில் இந்தச் செலவை எந்தக் கமிட்டியாலும் குறைக்கமுடியாது.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு கிடந்த ஜூன் மாதம் அது. லாரிக்குச் சொல்லிவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தோம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று தண்ணீர் விட்டோம், நள்ளிரவு இரண்டு மணிக்கு லாரி வந்தாலும் கமிட்டியில் ஒருவர் எழுந்து போய் நிற்போம். அப்போதுதான் கமிஷன் பேச்சு கிளம்பியது. கோபப்பட்டு ஒன்றும் ஆகவில்லை, ஒரு நோட்டுப் புத்தகம்தான் காப்பாற்றியது. லாரி வந்த நேரம், வண்டி எண், எத்தனை லிட்டர், சம்பில் ஊற்றுமுன் அளவு, ஊற்றியபின் அளவு, கூட நின்றவர் கையெழுத்து. கையெழுத்துப் போடக் கமிட்டிக்கு வெளியே உள்ளவர்களை முறைவைத்துக் கூப்பிட்டோம். இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை வந்து நின்றவர் அதற்கப்புறம் கமிஷன் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை. மழைநீர்ச் சேகரிப்புக் குழியையும் அந்த வருடம்தான் திறந்து பார்த்தோம், மண் மூடிக் கிடந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதைத் தூர்வாருங்கள்.

"ஒருத்தர் ரெண்டு வருஷமா பைசா தரல. தண்ணி கனெக்‌ஷனைக் கட் பண்ணிடலாமா?"

கூடாது. ஜெனரல் பாடி கைதூக்கிச் சொன்னாலும் கூடாது. தண்ணீர் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. போலீஸில் புகார் போனால் பதில் சொல்லவேண்டியது கைதூக்கியவர்கள் இல்லை, செயலாளர்தான். அந்த வீட்டில் குழந்தையும் வயதானவர்களும் இருப்பார்கள் என்பதையும் நினையுங்கள்.

முதலில் நேரில் போய் உட்கார்ந்து பேசுங்கள், குரூப்பில் பெயர் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். எங்கள் அனுபவத்தில் நீண்ட பாக்கிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தீராத புகார் இருந்தது. ஒருவர் 14 மாதம் தரவில்லை, போய்ப் பேசினால் மொட்டைமாடிக் கசிவால் அவர் படுக்கையறைச் சுவர் பூஞ்சை பிடித்துக் கிடந்தது, மூன்று முறை எழுதிக் கொடுத்தும் முந்தைய கமிட்டி பார்க்கவில்லை. சரிசெய்தோம், அந்த வாரமே மொத்தத்தையும் கட்டினார். இன்னொரு வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மெயின்டனன்ஸையும் சேர்த்து மாதாமாதம் ஹவுஸ் ஓனரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார், ஓனர்தான் கட்டவில்லை. தண்ணீரை நிறுத்தியிருந்தால் தவறே செய்யாத குடும்பம் தவித்திருக்கும்.

பேச்சு பலிக்காவிட்டால் எழுத்தில் நினைவூட்டல், பிறகு வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. பணம் கேட்கும் வழக்குக்குக் காலவரம்பு மூன்று வருடம், அதனால் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். தாமதத்துக்கு அபராதமோ வட்டியோ போடுவதானால் பைலாவில் இடம் இருக்கவேண்டும்.

"நாங்க ஜிஎஸ்டி கட்டணுமா வேண்டாமா? ஆடிட்டர் ஒண்ணு சொல்றார், ட்ரெஷரர் ஒண்ணு சொல்றார்."

இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுசேர்ந்தால்தான் வரி: ஒரு வீட்டின் மெயின்டனன்ஸ் மாதம் 7,500 ரூபாயைத் தாண்டவேண்டும், சங்கத்தின் வருடாந்தர வரவு 20 லட்சத்தையும் தாண்டவேண்டும். குழப்பம் எதில் என்றால், 7,500ஐத் தாண்டிவிட்டால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று 2019ல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. தாண்டிய தொகைக்கு மட்டும்தான் என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாதம் 9,000 என்று வையுங்கள், முதல் கணக்கில் 1,620 ரூபாய் வரி, இரண்டாவதில் 270. உங்கள் ஆடிட்டர் எதைப் பின்பற்றுகிறார் என்று எழுத்தில் வாங்கிவையுங்கள்.

இன்னொன்று: உறுப்பினர்களிடம் வாங்கும் மெயின்டனன்ஸுக்கு வருமானவரி வராது என்பதை வைத்து வங்கி டெபாசிட் வட்டியையும் அதில் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வட்டிக்கு வரி உண்டு, 2013லேயே உச்ச நீதிமன்றம் ஒரு பெங்களூர் கிளப் வழக்கில் இதை முடிவுசெய்துவிட்டது.

"பில்டர் கார்பஸ் பணத்தை இன்னும் கொடுக்கல. சுவரெல்லாம் வெடிப்பு விடுது. யார்கிட்ட போறது?"

வீடு வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பான ரேரா என்கிற ரியல் எஸ்டேட் சட்டத்தில் வரும் கட்டடம் என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை எழுத்தில் சொன்னால் 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்யவேண்டும். வெடிப்பு ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போனில் பேசிப் பேசியே ஐந்து வருடத்தை ஓட்டிவிட்ட குடியிருப்புகள் உண்டு, அதற்கப்புறம் பில்டர் ஆபீஸில் போனையே எடுக்கமாட்டார்கள். கார்பஸுக்கும், அதாவது பிற்காலப் பெரிய செலவுகளுக்கென்று வீட்டுக்காரர்களிடம் பில்டர் வாங்கிவைத்த பணத்துக்கும், அதே வழி, ஒவ்வொரு வீட்டுக்காரரும் கட்டிய ரசீதின் நகலைத் திரட்டிய பின் சங்கத்தின் பெயரில் கேளுங்கள்.

"ஓப்பன் பார்க்கிங்கை பில்டர் எனக்குத் தனியா வித்தார்னு ஒருத்தர் சொல்றார். அது செல்லுமா?"

திறந்தவெளிப் பார்க்கிங் பொது இடம் என்று ரேரா சட்டமே சொல்கிறது. தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தாக பில்டர் விற்கமுடியாது என்று 2010ல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அவர் பணம் கொடுத்து ஏமாந்தவர், எதிரி அல்ல. அவருடைய பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கூடவே உட்கார்ந்து படியுங்கள். பிறகு வரைபடம் ஒன்று போட்டு, யாருக்கு எந்த இடம் என்று ஜெனரல் பாடியில் முடிவுசெய்து, அந்த வரைபடத்தையே கேட் பக்கத்தில் மாட்டிவிடுங்கள்.

"நாய் வளர்க்கக் கூடாதுன்னு ரூல் போட்டா என்ன? மெஜாரிட்டி எங்க பக்கம்தான்."

போடமுடியாது. பெரும்பான்மை இருந்தாலும் செல்லப்பிராணிக்குத் தடைவிதிக்க சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அசுத்தம் செய்தால் வளர்ப்பவர் சுத்தம் செய்யவேண்டும் என்று கேட்கலாம், தடுப்பூசிச் சான்று கேட்கலாம்.

வளாகத்துக்குள் சுற்றும் தெருநாய்க்கு யாராவது சோறு வைத்தால், அதற்கான ஏற்பாட்டைச் செய்துதரும் பொறுப்பையே 2023ஆம் வருடத்து விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சங்கத்திடம் கொடுத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் இவற்றிலிருந்து தள்ளி ஓர் இடத்தைச் சோறு வைப்பவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். தெருவில் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் வைக்கவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

"செப்டிக் டேங்க் அடைச்சிருக்கு. ஆளை இறக்கினா சீக்கிரம் முடிஞ்சிடும்ங்கறாங்க, இறக்கலாமா?"

இறக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், அவரைத் தூக்கப் போகும் இரண்டாவது ஆளும் விழுவார். 2013ஆம் வருடத்துச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023ல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. இதெல்லாம் இல்லாவிட்டாலும் இறக்கக்கூடாது. இயந்திர லாரி வர இரண்டு நாள் ஆனால் இரண்டு நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வோம். "கமிட்டி ஏன் லேட் பண்ணுது" என்று யார் திட்டினாலும் இந்த ஒன்றில் அசையாதீர்கள்.

தண்ணீர் சம்பைக் கழுவும்போதும் மூடியை நெடுநேரம் திறந்துவைத்து, வெளியே ஆள் நிற்கவைத்தே செய்யுங்கள். டீசல் பம்பை உள்ளே இறக்கி ஓட்டவே கூடாது, அதன் புகையே கொல்லும்.

"குரூப்புல என்னைத் திருடன்ங்கற மாதிரி எழுதிட்டாங்க. தூக்கமே வரல. என்ன பண்ணட்டும்?"

எங்கள் பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஐந்து ரூபாய் பல்புக் கணக்கைக்கூடச் சீட்டில் எழுதிவைப்பார். கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்த வருடம், ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு ஒருவர் குரூப்பில் "பெயின்ட் கான்ட்ராக்டர் எவ்வளவு கொடுத்தார்?" என்று மட்டும் எழுதினார். ஒரே வரி. 42 வீட்டில் ஒருவரும் பதில் எழுதவில்லை, நான் உட்பட, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் பொருளாளர் மூன்று கொட்டேஷன், பில், வங்கிப் பதிவு எல்லாவற்றையும் கீழே மேசையில் கொண்டுவந்து பரப்பிவைத்தார். எல்லாம் சரியாக இருந்தது. எழுதியவர் அந்த வரியை அழித்துவிட்டார், மன்னிப்புக் கேட்கவில்லை. பொருளாளர் அன்றே விலகினார். இப்போதும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார், கூட்டங்களுக்கு வருவதில்லை. அந்த இரவு நான் ஒரு வரி எழுதியிருக்கவேண்டும்.

அதனால் நீங்கள் கமிட்டியில் இருந்தால், உங்கள் சகாவின் மேல் அப்படி ஒரு வரி விழும்போது அடுத்த வரி உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் மேலேயே விழுந்தால் இரவில் பதில் எழுதாதீர்கள். காலையில் பில்லின் படத்தைப் போட்டு, கணக்குப் புத்தகம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கீழே இருக்கும், யாரும் வந்து பார்க்கலாம் என்று ஒரே செய்தியில் முடித்துவிடுங்கள். கணக்கைப் பார்ப்பது உறுப்பினரின் உரிமை, கேட்கிறவர் எல்லாரும் நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டத் தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட வரிகள் எங்களிடம் அரிதாகிவிட்டன. நான் மேலே சொன்ன லாரி நோட்டும் இதே வேலையைத்தான் செய்தது.

"குரூப்புல எல்லாரும் பேசறாங்க, ஏஜிஎம்முக்குப் பத்துப் பேர்கூட வரல. அப்ப தீர்மானம் செல்லுமா?"

ஏஜிஎம் என்கிற வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்குக் கோரம், அதாவது குறைந்தபட்சம் வரவேண்டியவர் எண்ணிக்கை, எவ்வளவு, ஒத்திவைத்த கூட்டத்தை எப்போது நடத்தலாம் என்பது பைலாவில் இருக்கும், அதன்படி நடந்திருந்தால் செல்லும். வரவைக்க எங்களுக்குப் பலித்த வழி: கூட்டத்தைச் சனிக்கிழமை மாலை மொட்டைமாடியில் வைத்து, டீயும் பஜ்ஜியும் கொடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவது. நிகழ்ச்சிநிரலில் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம்.

"முப்பது வருஷ பில்டிங். இடிச்சுக் கட்டலாம்ங்கறாங்க, நாலு பேர் ஒத்துக்கல. கமிட்டி முடிவு பண்ணலாமா?"

கமிட்டி முடிவுசெய்யும் விஷயமே இல்லை. முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் முடங்கிக் கிடந்தது, 2022ஆம் வருடத்துச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்று வந்திருக்கிறது. ஆனாலும் அந்த நாலு பேரைத் தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வயதானவர்களாக இருப்பார்கள், இரண்டு மூன்று வருடம் வாடகை வீட்டுக்குப் போய் உயிரோடு திரும்பி வருவோமா என்பது அவர்கள் பயம். பில்டரோடு பேசுவதற்கு முன்னால் அந்தப் பயத்துக்குப் பதில் தேடவேண்டும், இடைக்கால வாடகை, பக்கத்திலேயே தரைத்தள வீடு என்று.

"என் டேர்ம் முடிஞ்சுது, யாரும் முன்வர மாட்டேங்கறாங்க. நான் எப்படி வெளிய வர்றது?"

சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் கமிட்டியின் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். "நீங்களே இருங்க சார், நல்லாத்தானே பண்றீங்க" என்பார்கள். தேர்தல் இல்லாமல் தொடராதீர்கள், உடம்பும் குடும்பமும் உங்களுக்கு இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்பே வெளியேறும் தேதியை எழுத்தில் சொல்லிவிட்டு, இரண்டு இளையவர்களை உங்களோடு வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவர் லிஃப்ட் சர்வீஸைப் பார்க்கட்டும், ஒருவர் தண்ணீரைப் பார்க்கட்டும். எங்களுக்கு அப்படித்தான் அடுத்த செயலாளர் கிடைத்தார், இரண்டாவது மாடியில் வாடகைக்கு வந்து பிறகு அதே வீட்டை வாங்கிய ஒரு பெண்.

ஒப்படைக்கும் நாளில் பழைய, புதிய கமிட்டி இருவரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: பதிவுச் சான்று, பைலா, மினிட்ஸ் புத்தகம், ஐந்து வருடக் கணக்கு, டெபாசிட் ரசீதுகள், லிஃப்ட் உரிமம், பொது மீட்டரின் இணைப்பு எண், அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், வங்கியில் மாற்றவேண்டிய கையெழுத்துகள், மொட்டைமாடிச் சாவி. நான் கொடுத்த நாளில் வரைபடத்தை மட்டும் காணவில்லை, பழைய பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பீரோவிலிருந்து பத்திரமாகச் சுருட்டிய நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.